தொழிலாளிக்கு ஏலம்! முதலாளிக்குத் தள்ளுபடி!

மூன்று மாதத் தவணை நின்றால் உழைப்பாளியின் வீட்டுக்குப் பாங்கிலிருந்து பதிவுத் தபால் வருகிறது. அதற்கு மேல் இரண்டு மாதம் போனால் கதவில் நோட்டீஸ் ஒட்டப்படுகிறது. பெயர், சர்வே நம்பர், நான்கு எல்லை எல்லாம் போட்டுப் பத்திரிகையில் விளம்பரம் வருகிறது. அதன் பிறகு ஏலம். இருபது வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து ஒருவன் கட்டிய வீடு, கோர்ட்டில் ஒரு நாள் விசாரணை கூட நடக்காமல் கைமாறிப் போகிறது.

"கடன் வாங்கினால் கட்ட வேண்டியதுதானே? கட்ட முடியாதவன் ஏன் வாங்கினான்?" என்று கேட்கும் கனவான்கள் உண்டு. ஊர்ப் பஞ்சாயத்திலும் இந்த உபதேசம் நடக்கிறது. பாங்கு மானேஜரின் அறையிலும் நடக்கிறது. நோட்டீஸ் வாங்கிய தொழிலாளியே இதை நம்பி, வெட்கப்பட்டு, பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கூடச் சொல்லாமல் முடங்கிப் போகிறான். ஆகவே இந்த உபதேசத்தைச் சற்றுப் பரிசீலித்துப் பார்ப்போம்.

வாங்கியது ஏன், நின்றது ஏன்?

மில் தொழிலாளி ஆடம்பரத்துக்காகவா கடன் வாங்கினான்? அவன் கூலி வயிற்றுக்குப் போதும். வீடு கட்டப் போதாது. கூலியில் வீட்டுக்குப் பங்கு வைக்காத முதலாளி, குடியிருக்க லைன் வீடாவது கட்டிக் கொடுத்தானா? அதுவும் இல்லை. சர்க்கார் எல்லோருக்கும் வீடு கொடுத்ததா? அதுவும் இல்லை. வாடகைக்குப் போனால் வருஷா வருஷம் உயர்வு, அட்வான்ஸ், எப்போது வேண்டுமானாலும் "காலி பண்ணு" என்ற சொல். இவற்றுக்கெல்லாம் நடுவில் அகப்பட்டவன் மூலப் பத்திரத்தைப் பாங்கில் ஒப்படைத்துத் தலைக்கு மேல் ஒரு கூரை தேடினான். இது குற்றமா?

தவணை நின்றதும் அவன் விருப்பத்தால் அல்ல. நாற்பது தவணை ஒழுங்காகக் கட்டியவன் நாற்பத்தோராவது தவணையில் ஏன் நிற்கிறான்? ஆலையில் ஆர்டர் இல்லை என்று ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள். காண்டிராக்டர் மூன்று மாதக் கூலியை இழுத்தடித்தான். மெஷினில் கை போயிற்று. மழை பொய்த்து வயலில் நடவு வேலை கிடைக்கவில்லை. வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் வந்தது. கூலி நின்றால் தவணை நிற்கும். கூலியை நிறுத்தும் அதிகாரம் முதலாளிக்கு. தவணை நின்ற குற்றம் மட்டும் தொழிலாளிக்கு!

ஒப்புக்கொண்ட கணக்கு ஒன்று, வசூலிக்கும் கணக்கு வேறு

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடன் வாங்கிய அன்று சொன்ன வட்டியா இன்று வசூலாகிறது? பெரும்பாலான வீட்டுக் கடன்கள் மாறும் வட்டிக் கடன்கள். ரிசர்வ் பாங்கு ரெப்போ வட்டியை 2022 மே மாதம் முதல் உயர்த்தத் தொடங்கியது. 4 சதவிகிதமாக இருந்தது 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆயிற்று. ஒன்பதே மாதத்தில் இரண்டரை சதவிகித ஏற்றம். கடனாளியை ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை.

இதன் பொருள் என்ன என்று கணக்குப் போடுவோம். 10 லட்சம் ரூபாய் கடன், 20 வருஷம், 7 சதவிகித வட்டி. மாதத் தவணை சுமார் 7,753 ரூபாய். முதல் மாதத் தவணையில் 5,833 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 1,920 ரூபாய்தான். இதே கடனுக்கு வட்டி 9.5 சதவிகிதம் ஆனால் தவணை 9,321 ரூபாயாக வேண்டும். மாதம் 1,568 ரூபாய் அதிகம். கூலி அந்த ஒன்பது மாதத்தில் அவ்வளவு உயர்ந்ததா?

"தவணையை உயர்த்தவில்லை, காலத்தை நீட்டினோம்" என்று பாங்குகள் தயவு பேசின. தயவின் லட்சணத்தைப் பாருங்கள். புதிதாகக் கடன் வாங்கியவனுக்கு 9.5 சதவிகிதத்தில் ஒரு மாத வட்டி மட்டுமே 7,917 ரூபாய் ஆகிறது. அவன் கட்டும் பழைய தவணையோ 7,753. தவணை முழுவதையும் கட்டினாலும் வட்டியே தீராது. கடன் குறைவதற்குப் பதில் வளரும்! இதைத்தான் நம் பாட்டன்மார் கந்துவட்டிக்காரனிடம் கண்டார்கள். இப்போது கண்ணாடிக் கதவு போட்ட கட்டடத்தில் காண்கிறோம்.

வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்பதைக் கடனாளியைக் கேட்டே செய்ய வேண்டும், நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பும் தர வேண்டும் என்று ரிசர்வ் பாங்கே 2023 ஆகஸ்டில் உத்தரவு போட வேண்டி வந்தது. ஏறுகிற வட்டியெல்லாம் ஏறி முடிந்த பிறகு! 2025-ல் ரெப்போ வட்டி இறங்கியது. ஏறும்போது நீண்ட காலம், இறங்கும்போது எவ்வளவு சுருங்கியது என்று ஒவ்வொரு கடனாளியும் பாங்கில் எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும்.

வாதியும் பாங்கு, நீதிபதியும் பாங்கு

இனி சட்டத்துக்கு வருவோம். வெள்ளைக்காரன் 1908-ல் போட்ட சிவில் நடைமுறைச் சட்டத்தில் 60-வது பிரிவு என்று ஒன்று உண்டு. விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலைக்காரர் ஆகியோர் தாமே குடியிருக்கும் சொந்த வீட்டைச் சாதாரணக் கடனுக்காக ஜப்தி செய்யக் கூடாது என்று அது சொல்கிறது. கைவினைஞனின் கருவிகளையும், பயிர் செய்பவனின் ஏர்மாட்டையும் தொடக் கூடாது என்கிறது. விவசாயியைக் கூரையில்லாமல் தெருவில் நிறுத்தினால் கலகம் வரும் என்று அன்னிய ஆட்சிக்கும் தெரிந்திருந்தது.

அடமானம் வைத்த வீட்டுக்கு அந்தச் சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு இல்லைதான். ஆனால் அடமானம் பிடித்தவன் கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். வழக்குப் போட வேண்டும். கணக்கைக் காட்ட வேண்டும். முதல் டிக்ரி ஆன பிறகும் பணம் கட்டி வீட்டை மீட்க ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு.

சுதந்திர இந்தியாவின் சர்க்கார் 2002-ல் சர்ஃபாசி சட்டம் கொண்டு வந்தது. பெரிய முதலாளிகள் பாங்குப் பணத்தை விழுங்கிவிட்டார்கள், அவர்களைப் பிடிக்கத்தான் இந்தச் சட்டம் என்று மந்திரிகள் முழங்கினார்கள். அதில் என்ன இருக்கிறது? 90 நாள் தவணை நின்றால் கடனை வாராக்கடன் என்று பாங்கே முடிவு செய்கிறது. 60 நாள் நோட்டீஸை பாங்கே கொடுக்கிறது. ஆட்சேபனை அனுப்பினால் அதை விசாரித்துத் தள்ளுவதும் பாங்கே. சொத்தைச் சுவாதீனம் எடுப்பதும், ஏலம் போடுவதும் பாங்கே. மாஜிஸ்திரேட்டும் போலீசும் பூட்டை உடைக்கத் துணைக்கு வருவார்கள். சிவில் கோர்ட்டுக்கு இதில் தலையிட அதிகாரமே இல்லை.

அந்த 60-வது பிரிவின் பாதுகாப்பு என்ன ஆயிற்று? சர்ஃபாசி சட்டத்தின் 31-வது பிரிவு அதை ஒப்புக்கொள்வது போல் ஒப்புக்கொள்கிறது. பக்கத்திலேயே ஓர் அடைப்புக்குறி போட்டு, கடனுக்கு ஈடாக வைத்த சொத்துக்கு இது பொருந்தாது என்று முடித்துவிடுகிறது. வீட்டுக் கடனில் ஈடாக வைக்கப்படுவது அந்த வீடுதானே! ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது என்பது இதுதான்.

மேல்முறையீடு செய்ய வேண்டுமானால், பாங்கு கேட்கும் தொகையில் நூற்றுக்கு 75-ஐ முதலில் கட்டிவிட்டு வா என்றது மூலச் சட்டம். 75 ரூபாய் இருந்தால் அவன் ஏன் ஏலத்துக்கு வருகிறான்? 2004-ல் சுப்ரீம் கோர்ட் இந்த நிபந்தனையை ரத்து செய்தது. ஆனால் 2016-ல் வேறொரு கயிறு இறுகியது. அதுவரை ஏலம் நடக்கும் நாள் வரை முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்க முடிந்தது. ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே கட்ட வேண்டும் என்று அதைத் திருத்தினார்கள். 2023-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது.

ஏலத்தில் விலை குறைந்து போனால் மிச்சக் கடன் தீர்ந்ததா? இல்லை. வீடும் போகும், மீதிக்கு வழக்கும் வரும்.

இரண்டு தராசு

கடன் வாங்கியவன் கட்டியே தீர வேண்டும் என்ற நீதி எல்லோருக்கும் ஒன்றானால் நாமும் தலை வணங்கலாம். 2014-15 முதல் ஒன்பது நிதியாண்டுகளில் பாங்குகள் தங்கள் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துத் தள்ளிய வாராக்கடன் 14.56 லட்சம் கோடி ரூபாய். இதில் பெரிய தொழில், சேவை நிறுவனங்களின் கடன் மட்டும் 7.4 லட்சம் கோடிக்கு மேல். 2023 ஆகஸ்டில் பார்லிமெண்டில் சர்க்காரே கொடுத்த கணக்கு இது. "கணக்கிலிருந்து எடுத்தோமே தவிர கடனை விடவில்லை, வசூல் தொடரும்" என்பது மந்திரிகளின் சமாதானம். அப்படி வசூலானது எவ்வளவு? அதே பதிலில் உள்ளது: சுமார் 2 லட்சம் கோடி.

மில் தொழிலாளிகளுக்குப் புரியும்படி ஒரு ஜவுளிக் கம்பெனியையே எடுத்துக்கொள்வோம். ஆலோக் இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனி பாங்குகளுக்குச் சுமார் 29,500 கோடி ரூபாய் பாக்கி வைத்தது. திவால் சட்டத்தின் கீழ் 2019-ல் அது ரிலையன்ஸ் கூட்டுக்குப் போனது. பாங்குகளுக்குக் கிடைத்த விலை சுமார் 5,050 கோடி. நூறு ரூபாய்க்கு 83 ரூபாய் போயிற்று. பாங்குகளின் கமிட்டி கூடி, ஓட்டுப் போட்டு, கௌரவமாகக் கைகுலுக்கி முடித்த காரியம் இது. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "முடிவெட்டு". தொழிலாளிக்கு மட்டும் கழுத்துவெட்டு!

கடனாளி தனக்கும் ஒரே தவணைத் தீர்வு வேண்டும் என்று கேட்டால் என்ன பதில்? அதை உரிமையாகக் கேட்க முடியாது, பாங்கின் இஷ்டம் என்று 2021 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கோடிகளுக்குக் கமிட்டி, லட்சத்துக்குப் பூட்டு. இதுதான் இந்த அமைப்பின் நீதி.

நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது?

சட்டம் நமக்கு எதிரானது என்பதற்காகக் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாமா? கூடாது. இருக்கிற சின்னச் சின்ன உரிமைகளையும் தெரியாமல் இழப்பவர்களே அதிகம்.

முதலாவது, நோட்டீஸ் வரும் வரை காத்திராதீர்கள். வேலை நின்ற மாதமே பாங்குக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், சங்கத்துத் தோழர்களில் இருவரைக் கூட்டிப் போங்கள். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக் கடனைத் திருத்தி அமைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். வாய்ப் பேச்சுக்கு மதிப்பில்லை. அபராதக் கட்டணத்தை வட்டியோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்ற ரிசர்வ் பாங்கு விதி 2024 முதல் அமலில் உள்ளது. கணக்கு விவரம் வாங்கி அதைச் சரிபாருங்கள்.

இரண்டாவது, பாங்குத் தவணையைக் கட்டுவதற்காகக் கந்துவட்டிக்காரனிடம் போகாதீர்கள். நரியிடமிருந்து தப்ப ஓநாயின் குகைக்குள் போவது போன்றது அது. போயே தீர வேண்டிய நிலை வந்தாலும், வெற்றுப் பத்திரத்திலோ, பவர் பத்திரத்திலோ, கிரய அக்ரிமெண்டிலோ கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டை ஈடு வைக்காமல் வெறும் புரோநோட்டில் வாங்கிய கடனுக்கு 60-வது பிரிவின் பாதுகாப்பு உழைப்பாளியின் குடியிருப்பு வீட்டுக்கு இன்றும் உண்டு. கையெழுத்து ஒன்றினால் அதை இழந்துவிடாதீர்கள்.

மூன்றாவது, 60 நாள் நோட்டீஸ் வந்துவிட்டதா? உடனே ஆட்சேபனை எழுதுங்கள். 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டியது பாங்கின் கடமை. கடன் பாக்கி ஒரு லட்சத்துக்கு மேற்படாவிட்டாலும், அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் நூற்றுக்கு 20-க்கும் குறைவாகவே பாக்கி இருந்தாலும் இந்தச் சட்டம் செல்லாது. விவசாய நிலத்தின் மீதும் செல்லாது. ஆனால் பட்டாவில் நஞ்சை என்று எழுதியிருந்தால் போதாது. உண்மையில் பயிர் நடக்கும் நிலமாக இருக்க வேண்டும். கூட்டுறவு பாங்குகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதால், அங்கே வாங்கிய கடன் என்று அசட்டையாக இருக்க வேண்டாம்.

நான்காவது, கதவில் சுவாதீன நோட்டீஸ் ஒட்டிவிட்டால் அந்த நாளிலிருந்து 45 நாள் கணக்கு ஓடுகிறது. அதற்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். தமிழ்நாட்டில் அது சென்னை, கோவை, மதுரை ஆகிய மூன்றே ஊர்களில் இருக்கிறது. வக்கீல் பீஸுக்குப் பயப்படுகிறீர்களா? 1987-ம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டப்படி ஆலைத் தொழிலாளிகளுக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு. மற்ற ஏழைகளுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டு உண்டு. மாவட்டக் கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள்.

ஐந்தாவது, எதுவும் முடியாது என்ற நிலை வந்தால், ஏலத்துக்கு விட்டுக் கண்ணீர் வடிப்பதைவிட நாமே விலை பேசி விற்பது மேல். நோட்டீஸுக்குப் பிறகு பாங்கின் எழுத்து மூல சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. அந்தச் சம்மதத்தைக் கேட்டு வாங்குங்கள். ஏலமே நடந்தாலும், அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் போட்ட மதிப்பு எவ்வளவு, 30 நாள் ஏல நோட்டீஸ் தந்தார்களா என்று கேளுங்கள். கடனுக்கு மேல் வந்த பணம் உங்களுடையது. அதைத் திருப்பித் தந்தாக வேண்டும்.

வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது. உறவினரையும் நண்பரையும் தொந்தரவு செய்யக் கூடாது. மீறினால் பாங்குக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் பாங்கின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

சட்டம் மாறுமா? மாறியிருக்கிறது!

இவை எல்லாம் அவகாசம் வாங்கித் தரும். விடுதலை வாங்கித் தராது. நிலையான பாதுகாப்புக்குச் சட்டமே மாற வேண்டும். பாங்குகளை எதிர்த்து அது நடக்கிற காரியமா என்று சிலர் கேட்கிறார்கள். சரித்திரத்தைப் புரட்டிப் பாருங்கள்.

முதலாளித்துவத்தின் கோட்டையான அமெரிக்காவில் 1930-களின் நெருக்கடியில் விளைபொருள் விலை விழுந்து, லட்சக்கணக்கான விவசாயிகளின் பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. நெப்ராஸ்கா, அயோவா விவசாயிகள் என்ன செய்தார்கள்? அக்கம்பக்கத்தார் எல்லோரும் திரண்டு ஏலக் களத்துக்கு வந்தார்கள். ஒருவன் ஐந்து காசு கேட்பான். இன்னொருவன் பத்துக் காசு கேட்பான். அதற்கு மேல் கேட்க யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சில்லறைக்கு ஏலம் எடுத்த பொருளை உடையவனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். காசு ஏலம் என்றே அதற்குப் பெயர் வந்தது. இந்த ஒற்றுமை சட்டசபைகளை உலுக்கியது. 1933-ல் மின்னசோட்டா மாகாணம் அடமான ஏலங்களை ஒத்திவைக்கச் சட்டம் போட்டது. ஒப்பந்தத்தின் புனிதம் கெட்டுவிட்டது என்று கடன் கொடுத்தவர்கள் அலறினார்கள். 1934 ஜனவரியில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

தூர தேசம் வேண்டாம். நம் சென்னை ராஜதானியையே பாருங்கள். விவசாயிகளின் கொந்தளிப்புக்கு நடுவே 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1937 அக்டோபர் 1-ந் தேதி வரை நின்ற பழைய கடன் வட்டிப் பாக்கியை அது ரத்து செய்தது. அசலைப் போல் இரண்டு மடங்கு கட்டியிருந்தால் முழுக் கடனும் தீர்ந்தது என்றது. அந்த அளவுகோலை இன்றைய வீட்டுக் கடனுக்கு வைத்துப் பாருங்கள். 10 லட்சம் கடனுக்கு 9.5 சதவிகிதத்தில் 20 வருஷம் கட்டும் மொத்தத் தொகை 22 லட்சத்து 37 ஆயிரம். 1938-ன் நியாயப்படி பதினெட்டாவது வருஷம் முடியுமுன்பே அந்தக் கடன் தீர்ந்திருக்கும்!

2020-ல் கொரோனா வந்தபோது ஆறு மாதம் தவணையை ஒத்திவைக்கவில்லையா? பாங்குகள் இடிந்து விழவில்லையே! அப்போதும் வட்டி மீட்டர் ஓடிக்கொண்டேதான் இருந்தது. வட்டிக்கு வட்டி கூடாது என்பதைச் சுப்ரீம் கோர்ட் வரை போய்த்தான் பெற வேண்டியிருந்தது.

நாம் கேட்பது என்ன?

உழைப்பாளி குடும்பம் குடியிருக்கும் ஒரே வீட்டை சர்ஃபாசி சட்டத்திலிருந்து விலக்க வேண்டும். கோர்ட் விசாரணை இல்லாமல் ஒரு பூட்டையும் உடைக்கக் கூடாது.

ஆலை மூடல், ஆட்குறைப்பு, விபத்து, வறட்சி, வெள்ளம் வந்த காலத்துக்குத் தவணையும் வட்டியும் சேர்ந்து நிற்க வேண்டும்.

கட்டிய மொத்தத் தொகை அசலின் இரண்டு மடங்கை எட்டினால் கடன் தீர்ந்ததாக வேண்டும்.

வீடு ஏலம் போனால் கடனும் அதோடு போக வேண்டும். மிச்சத்துக்கு வழக்கு என்ற கொடுமை ஒழிய வேண்டும்.

வீடு கட்டும் பொறுப்பைப் பாங்குகளிடம் தள்ளிவிட்டு சர்க்கார் ஒதுங்கி நிற்கக் கூடாது. ஆலைப் பகுதிகளிலும் கிராமங்களிலும் சர்க்காரே வீடு கட்டிக் குறைந்த வாடகைக்குத் தர வேண்டும்.

தோழர்களே! மில் வாசலில் கூலிக்காகச் சங்கம் வைத்த நாம், தெருவில் கூரைக்காகச் சங்கம் வைக்கவில்லை. நோட்டீஸ் வாங்கியவன் தனியாக அழுகிறான். பாங்குகளோ கூட்டாக வட்டியை ஏற்றுகின்றன. இந்த நிலை மாற வேண்டும். ஒவ்வொரு மில் கமிட்டியிலும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் கிளையிலும் யார் யாருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். தேதிகளைக் குறியுங்கள். 45 நாள் கடந்து போகாமல் காவல் இருங்கள். ஒருவன் வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்ட வந்தால் தெருவே கூடி நின்று கணக்குக் கேட்கட்டும்.

கோடி பாக்கி வைத்தவனுக்குக் கமிட்டி கூடும்போது, லட்சம் பாக்கி வைத்தவனுக்கு ஊர் கூடக் கூடாதா?